மூடியின் உட்புறம்

மூன்றாவது மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது.

சுமியே அதை வேண்டுமென்று தொடவில்லை. உணவகத்தின் பாய் விரித்த அறைக்குள் முழங்காலால் நகர்ந்து தன் இடத்துக்குப் போகும்போது கொஞ்சம் தடுமாறி, கை அதன்மேல் ஊன்றிவிட்டது. அறையில் உட்காரப் போட்டிருந்தவை மூன்று சிறு மெத்தைகள். வந்தவர்கள் இரண்டு பேர், அவளும் அவள் மாமியார் ஹிசானோவும். மாமியார் இன்னும் வாசல் பக்கம் நின்று மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மெத்தை, ஓவியச் சுருள் தொங்கும் மாடத்துக்கு முன்னால், குடும்பத் தலைவர் உட்காரும் இடத்தில் கிடந்தது. அதன் நடுவில் லேசான பள்ளம். யாரோ நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள்.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அந்த அறை வடக்குப் பார்த்தது. காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்யும் நவம்பர் தூறல், காகிதக் கதவுக்கு வெளியே பாசி படர்ந்த தோட்டத்தில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கே அறைக்குள் வெளிச்சம் அரிசி களைந்த நீர் மாதிரி மங்கிக் கிடந்தது. ஊதுவத்தி, பழைய மரம், ஈரப் பாய், எங்கோ தூரத்துச் சமையலறையில் கொதிக்கும் கடற்பாசிச் சாறு என்று ஒவ்வொரு வாசனையும் தனித்தனியாக வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. கையைப் பட்டுடையில் துடைத்துக்கொண்டு தன் மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அது சில்லென்று இருந்தது.

"என் பிள்ளை இடத்துல உட்கார்ந்துடாதே, அவ்வளவுதான்" என்றபடி ஹிசானோ உள்ளே வந்தாள். எண்பத்து மூன்று வயது. முதுகு வளையவில்லை. எதிரே உட்கார்ந்து மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல பளிச்சுனு உடுத்திருக்கே. உன் வயசுல எனக்கெல்லாம் இந்தத் தைரியம் வந்ததில்ல."

கியோத்தோவில் பிறந்து வளர்ந்த பெண்கள் யாரையும் திட்டமாட்டார்கள், பாராட்டுவார்கள். இருபத்தாறு வருடங்களாக சுமியேவுக்குக் கிடைத்ததெல்லாம் இந்தப் பாராட்டுதான். சூப் வைத்தால், "எவ்வளவு உப்பு! தாராள மனசு உனக்கு." பிள்ளை பிறக்கவில்லை என்றால், "இடுப்பு அப்படியே கொடி மாதிரி இருக்கு, அதிர்ஷ்டக்காரி."

"நீங்க தேர்ந்தெடுத்துக் கொடுத்ததுதானே அத்தை" என்றாள் சுமியே.

"அப்படியா? அப்ப எனக்குத்தான் கண்ணு போயிருக்கு."

இன்னும் இரண்டு மணி நேரம். இரண்டே மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். சுமியேவின் கைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. அவள் கணவன் நோரிஹிகோ காணாமல் போய், சென்ற மாதத்தோடு ஏழு வருடம் முடிந்துவிட்டது. ஏழு வருடம் காணவில்லை என்றால் இறந்ததாக அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம், கேட்டுமிருந்தாள். விசாரிக்க வந்தவரிடம் ஹிசானோ மட்டும், "என் பிள்ளை உயிரோடதான் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் காகிதத்தில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கிழவி முத்திரை குத்திவிட்டால், நோரிஹிகோ செத்துப்போவான். அவன் செத்தால் சுமியே அந்தக் குடும்பத்திலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு, சூப்புக்கு இஷ்டம்போல் உப்புப் போட்டுக்கொண்டு, தனியாக, நிம்மதியாக இருப்பாள். வேண்டியது அவ்வளவுதான்.

ஹிசானோ கச்சைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சரிகைப் பையை எடுத்துப் பாயின்மேல் வைத்தாள். உள்ளே குடும்ப முத்திரை.

"இன்னைக்கு மூணு தடவை மூடி போட்ட கிண்ணம் வரும். மூணுல ஒண்ணு காஞ்சிருந்தாலும் போதும். இங்கேயே குத்திடறேன். என் பிள்ளை செத்துட்டான்னு என் வாயாலயே சொல்லிடறேன்."

வீட்டிலும் தினம் நடப்பதுதான் இது. வெளியூர் போனவர் போன இடத்தில் பட்டினி கிடக்கக் கூடாது என்று வீட்டில் அவருக்கும் ஒரு தட்டு வைப்பார்கள். சூப் கிண்ணத்தின் மூடியைத் திறக்கும்போது உட்புறம் நீர் கோத்திருந்தால் ஆள் நலம். காய்ந்திருந்தால் இல்லை. இந்தக் காலத்தில் யாரும் செய்வதில்லை. ஹிசானோ ஏழு வருடமாக, ஒரு நாள், ஒரு வேளை தவறாமல் செய்துகொண்டிருந்தாள்.

சூடான சூப்பை மூடி வைத்தால் மூடி எப்படிக் காயும்? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கிழவி பந்தயத்தைத் தனக்குச் சாதகமாகக் கட்டிவிட்டாள் என்று சுமியேவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையைக் குனிந்து, "உங்க இஷ்டம் அத்தை" என்றாள். தொண்டை வறண்டிருந்தது. தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

கதவு நகர்ந்தது. உணவகத்தை நடத்தும் முதலாளியம்மா வாசலில் நெற்றி பாயில் படும்படி வணங்கினாள். முன்பின் தெரியாதவர்களை வாசல்படி ஏறவிடாத இடம் அது. ஹிசானோவின் மாமனார் காலத்திலிருந்து இந்தக் குடும்பம் இங்கே சாப்பிடுகிறது. அவர்கள் சொன்னால், வராத ஆளுக்கு மெத்தை போடுவதில் இங்கே யாரும் புருவம் தூக்கமாட்டார்கள். அம்மாள் மூன்று அரக்குத் தட்டுகளையும் வைத்தாள். மூன்றாவதை மாடத்துக்கு முன்னால் வைக்கும்போது, எதிரில் ஆள் இருப்பதைப்போல, கொஞ்சம் அதிகமாகவே குனிந்தாள்.

எள் கட்டி வந்தது. பச்சை மீன் வந்தது. சுமியே எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள். கூழாங்கல்லை நக்கினதுபோல் ஒன்றும் தெரியவில்லை.

"தேநீர் இன்னும் கொஞ்சம்..." என்றாள் அம்மாளிடம்.

"இப்பத்தான் நாலாவது கோப்பை ஊத்தினேன்மா" என்று அம்மாள் சிரித்தாள். ஆனாலும் ஊற்றினாள். பிறகு, "பெரியம்மா, இன்னைக்கு ஒரு அதிசயம்" என்று ஹிசானோவின் பக்கம் திரும்பினாள். "காலையில வாசலைத் தெளிக்க வந்தா, படியில ஒரு கூடை. நிறைய பைன் மரத்தடிக் காளான். இந்த வருஷம் இந்த அளவுல நான் பார்க்கவே இல்லை. யார் வச்சாங்கன்னு தெரியல. காட்டட்டுமா?"

கூடை உள்ளே வந்தது. வாசனை அதற்கு முன்னால் வந்தது. ஈர மண், பைன் ஊசி, மக்கிய இலை, அதற்கு அடியில் லேசாக இனிக்கும் ஏதோ ஒன்று. அந்த வாசனைக்காகத்தான் பணக்காரர்கள் வருடம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். சுமியே மூச்சை அடக்கிக்கொண்டாள். பிறகு கூடையின் தோள்வாரைப் பார்த்தாள்.

வார் ஒரு இடத்தில் அறுந்து, நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஏழு தையல். கடைசித் தையல் கோணல்.

அவள் தைத்தது.

காளான் பொறுக்குபவர்கள் தங்கள் இடத்தை யாருக்கும் சொல்லமாட்டார்கள். பெற்ற மகனுக்குக்கூட, சாகிற படுக்கையில்தான் சொல்வார்கள். நோரிஹிகோவும் அப்படித்தான். பட்டு வியாபாரியான அவனுக்குக் காளான் ஒரு பைத்தியம். நகரத்துக்கு வடக்கே ஒரு மலைச்சரிவில், அப்பா காட்டிய இடம் ஒன்று அவனுக்கு இருந்தது. கூடை தூக்க ஆள் வேண்டும். மனைவி ஆளில்லை, கூடை தூக்குகிற ஒன்று. அதனால் அவளுக்கு மட்டும் அந்த இடம் தெரியும். ஏழு வருடம் முன்பு ஒரு அக்டோபர் காலை, அவளைப் பின்னால் நடக்கவிட்டு, "பசு மாடுகூட உன்னைவிட வேகமா ஏறும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவன், பைன் ஊசியில் வழுக்கி, ஆளுயரம் மூன்று ஆழமுள்ள ஒரு பாறை வெடிப்புக்குள் விழுந்தான். எட்டிப் பார்த்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, பாதம் வேறு திசை பார்த்தது. முதலில் அதட்டினான். பிறகு கூப்பிட்டான். பிறகு தண்ணீர் கேட்டான்.

அவள் இடுப்பில் தண்ணீர்க் குடுவை நிறைய இருந்தது. விளிம்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரத்தைக்கூடப் பார்த்தாள், ஒன்பது நிமிடம். பத்தொன்பது வருடத்தில் அவன் அவளிடம் "தயவு செஞ்சு" என்று சொன்னது அன்றுதான். அவளுக்கு உடம்பு லேசாகிப் பறப்பதுபோல் இருந்தது. கூடையை அவன்மேல் வீசிவிட்டு இறங்கினாள். வழியெல்லாம் குடுவையிலிருந்து குடித்துக்கொண்டே வந்தாள், கடைசிச் சொட்டு வரை. அன்று முழுக்க வீட்டைவிட்டே போகவில்லை என்றும், அவன் வேறொரு பக்கம், ஏரிக்கு மேற்கேயுள்ள மலைகளுக்குத் தனியாகப் போனான் என்றும் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் அங்கேதான் தேடினார்கள்.

"என்னம்மா, முகம் வெளுத்துப்போச்சு?" என்றாள் ஹிசானோ. "வாசனை ஒத்துக்கலையா?"

"நல்லா இருக்கு அத்தை."

"அவனுக்கு உசிரு இந்த வாசனைன்னா."

முதல் மூடிக் கிண்ணம் வந்தது. கருப்பு அரக்கு. மூடிகளின் மேற்புறம் மெல்லிய நீர்த்துளிகள் தெளிக்கப்பட்டிருந்தன. சமையலறையில் தெளிப்பது அது. துளி கலையாமல் இருந்தால், வழியில் யாரும் திறக்கவில்லை என்று பொருள். சுமியே தன் கிண்ணத்தைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தி மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. தெளிந்த சாற்றில் ஒரு துண்டு மீன், இரண்டு சீவல் காளான். குடித்தாள். சாறு சூடாக நாக்கில் பட்டது, தொண்டைக்குள் போவதற்குள் இல்லாமல் போனது. வாய் முன்பைவிட வறண்டது.

ஹிசானோ முழங்காலால் நகர்ந்து மாடத்துக்குப் போய், மகனின் மூடியைத் திறந்து திருப்பிக் காட்டினாள்.

உட்புறம் முழுக்க நீர். பருத்த துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து விளிம்பில் வழிந்தன.

"நல்லா இருக்கான்" என்றாள் ஹிசானோ.

சூடு. ஆவி. வேறென்ன. சுமியே தலையை ஆட்டினாள். கால்கள் மரத்துக்கொண்டு வந்தன. நெடுநேரம் மண்டியிட்டால் யாருக்கும் மரக்கும். வலது கால் மட்டும் கொஞ்சம் அதிகமாக.

சுட்ட மீன் வந்துபோனது. அறை இருண்டது, தூறல் கனத்திருக்க வேண்டும். சமையலறைச் சத்தங்கள், பாத்திரம் வைக்கும் ஒலி, தாழ்ந்த குரல்கள், ஒவ்வொன்றாகக் குறைந்து, அவள் கவனித்தபோது எதுவுமே கேட்கவில்லை. சொட்டு மட்டும் கேட்டது. கூரையிலிருந்து விழும் சொட்டு இல்லை அது. பாறையில் விழும் சொட்டு, கீழே, குறுகலான ஓர் இடத்தில். மாடத்துப் பக்கம் ஏதோ உராய்ந்தது. பட்டு உராய்வதுபோல் இருந்தது, பட்டில்லை. காய்ந்த உதடு நாக்கில் உராய்கிற சத்தம். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"தண்ணி" என்றாள் சுமியே. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அம்மாள் ஹிசானோவைப் பார்த்தாள். ஹிசானோ கண்ணை மூடித் திறந்தாள். தண்ணீர் வந்தது. குடித்தாள். கோப்பை காலியானது. வாய் காய்ந்தே இருந்தது.

"முதல் மாசம் என்ன ஆச்சு தெரியுமா?" ஹிசானோ சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள். "தட்டுல வச்ச சோத்தை அவன் தொடவே மாட்டான். சூப் மட்டும் காலியாகும். தினமும். பூனை குடிக்குதோன்னு கதவைத் தாழ் போட்டேன். அப்பவும் சூப்தான் காலி. பசின்னா சோறு போகணும். என் பிள்ளைக்குப் பசி இல்ல, தாகம்னு புரிஞ்சுது."

சுமியே கோப்பையைப் பாயில் வைத்தாள்.

"ஏழு வருஷமா ஊத்தறேன். அதனாலதான் அவன் சாகல. காய்ச்சல்ல விழுந்தப்பகூட எழுந்து போய் வச்சேன். ஒரு நாள் நிறுத்தியிருந்தா அவன் போயிருப்பான், பாவம். எனக்கு மனசு வரல. தாய் இல்லையா?"

ஏழு வருடம். கால் முறிந்து. அந்த வெடிப்புக்குள். பனி பெய்யும்போதும். இன்றைக்கும். சுமியே அதை நினைக்காமலிருக்க முயன்றாள், நினைத்துவிட்டாள்.

இரண்டாவது மூடிக் கிண்ணம் வந்தது. துருவிய டர்னிப் கிழங்கு போட்டு ஆவியில் அவித்தது. மூடிகளின் மேல் தெளித்த துளிகள் அப்படியே இருந்தன. மூன்றிலும். மாடத்துக் கிண்ணத்தைச் சுமியே உற்றுப் பார்த்தாள். ஒரு துளிகூடக் கலையவில்லை. யாரும் திறக்கவில்லை.

ஹிசானோ திறந்து திருப்பினாள்.

உட்புறம் நீர் கோத்திருந்தது. ஆனால் நடுவில் ஒரு பட்டை, மேலிருந்து கீழாக, வழித்து எடுக்கப்பட்டிருந்தது. இரண்டு விரல் அகலம். ஓரங்களில் பிசுபிசுப்பு. பக்கத்தில் இன்னொரு பட்டை. அதன் முடிவில் அரக்கின்மேல் ஒரு பைன் ஊசி ஒட்டியிருந்தது.

நக்கியிருக்கிறது.

"நல்ல பிள்ளை" என்றாள் ஹிசானோ மூடியைப் பார்த்து. "வீணாக்கமாட்டான்."

"அத்தை, எனக்கு உடம்பு சரியில்ல. நான் கிளம்பட்டுமா?"

"இன்னும் ஒரு மூடி இருக்கேம்மா. முத்திரை வேண்டாமா?"

வேண்டும். அதுதான் கேடு. அந்தச் சரிகைப் பை பாயின்மேல் ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"அவன் காணாமப் போன அன்னிக்குச் சாயங்காலம் நான் சமையல்கட்டுக்கு வந்தேன்" என்றாள் ஹிசானோ. "உன் தண்ணிக் குடுவை கழுவி, கவுத்து வச்சுக் காஞ்சிட்டிருந்தது. மலைக்கு எடுத்துட்டுப் போற குடுவை. வீட்டை விட்டு நகரவே இல்லைன்னு சொன்ன நீ. எந்த மலைன்னு நான் உன்னை ஒரு தடவையாவது கேட்டேனா?"

கேட்கவில்லை. ஏழு வருடத்தில் ஒருமுறைகூட.

"கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பே. சொல்லியிருந்தா அவனைத் தூக்கிட்டு வந்து எரிச்சிருப்பாங்க. உன்னை ஜெயிலுக்குக் கொண்டுபோய் மூணு வேளை சோறு போட்டு வச்சிருப்பாங்க. அது எனக்குப் பிடிக்கல."

சுமியே வாயைத் திறந்தாள். மறுக்க வேண்டும். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுக்க எச்சில்கூட இல்லை.

அம்மாள் கடைசிப் பரிமாறலோடு வந்தாள். காளான் சோறு, ஊறுகாய், மூடி போட்ட சூப் கிண்ணம். வாசனை அறையை அடைத்தது. ஹிசானோ மாடத்துக்கு முன் குனிந்தாள். இந்தமுறை உடனே திறக்கவில்லை. மூடியின்மேல் கையை வைத்து, குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல் தடவினாள்.

"போதும்டா கண்ணா. உன் இடத்துக்கு அம்மா வேற ஆளைப் பார்த்துட்டேன். நீ போ."

திறந்தாள். கிண்ணத்திலிருந்து ஆவி கொதித்து எழுந்தது. மூடியைத் திருப்பினாள்.

காய்ந்திருந்தது.

ஒரு துளி இல்லை. கருப்பு அரக்கு, வெயிலில் வைத்து எடுத்ததுபோல் மந்தமாக இருந்தது. சுமியே பார்த்தாள். நம்ப முடியவில்லை. பிறகு, வெட்கமில்லாமல், உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது. செத்துவிட்டான். இப்போது, இந்த நொடி. முடிந்தது. கைப்பையைப் பிடுங்கித் திறந்து, காகிதத்தை எடுத்து மாமியார் முன்னால் விரித்தாள்.

ஹிசானோ சொன்ன சொல் மாறவில்லை. முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, நேராக, அழுத்திக் குத்தினாள். காகிதத்தை ஊதிக் காயவைத்து மருமகளிடம் நீட்டினாள். "இந்தா. இனிமே நீ எங்க வீட்டுப் பொண்ணு இல்ல."

"பெரியம்மா, சோத்துல தேநீர் ஊத்திக் கொண்டு வரட்டுமா?" என்றாள் அம்மாள்.

இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். விருந்தாளி கிளம்பலாம் என்று அர்த்தம்.

"எனக்குக் கொடு. அவளுக்கு வேண்டாம்."

சுமியே எழுந்தாள். எழுந்திருக்க முயன்றாள். இடது கால் ஊன்றியது. வலது கால் வரவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று கையால் தேய்த்தாள். தேய்த்த இடத்தில் எலும்பு நகர்ந்தது.

வலி பிறகுதான் வந்தது. வந்தபோது அவள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். பட்டுடை விலகியது. முழங்காலுக்குக் கீழே கால் மடங்கியிருந்தது, மடங்கக் கூடாத இடத்தில். வெள்ளைக் காலுறை போட்ட பாதம் மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை."

ஹிசானோ தேநீர் ஊற்றிய சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். வாயைத் துடைத்தாள். எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். வாசலுக்குப் போனாள். போய்விடவில்லை. நிலைப்படிக்கு வெளியே, அம்மாளோடு சேர்ந்து நின்று, உள்ளே பார்த்தாள்.

"அத்தை, ஆளைக் கூப்பிடுங்க. கால்... தண்ணி குடுங்க. முதல்ல தண்ணி."

ஹிசானோ மேலங்கியின் முடிச்சைக் கட்டினாள்.

"ஏய்! யாராவது!"

"தயவு செஞ்சு."

ஹிசானோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒன்பது நிமிஷம் நின்னியாமே" என்றாள். பிறகு அம்மாளிடம், ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்ததுபோல், "நாளையிலேருந்து வீட்டுல இவளுக்குத்தான் தட்டு வைக்கப்போறேன். என் உடம்புக்கு இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்றாரு. எனக்கப்புறம் நீ வை" என்றாள்.

"ஆகட்டும் பெரியம்மா."

"சோறு வேண்டாம். சூப்பும் வேண்டாம். மூடியில நிக்கற தண்ணி போதும் அவளுக்கு."

ஒன்பது நிமிடம் நின்றார்கள். பிறகு கதவு நகர்ந்தது. ஒரு கோடு வெளிச்சம் மெலிந்து, மெலிந்து, நின்றது.

இருட்டு. சொட்டு. பாய் ஈரமாக இருந்தது. கையால் தடவினாள். பாயில்லை. பைன் ஊசி. அடியில் பாறை. பக்கத்தில் ஏதோ கூடை. காகிதம் இன்னும் கையில் இருந்தது. நிமிர்ந்தாள். மேலே, மூன்று ஆளுயரத்துக்கு மேலே, வெளிச்சத்தின் ஒரு கீற்று. அதன் விளிம்பில் யாருமில்லை.

கத்தினாள். சத்தம் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாக்கு வீங்கி வாயை அடைத்தது. கை எதன்மேலோ பட்டது. வழவழப்பு. அரக்குக் கிண்ணம். அழுத்தினாள். மூடி கழன்றது. கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவினாள்.

காலி.

மூடியைத் திருப்பினாள். கீற்று வெளிச்சத்தில் பிடித்தாள். உட்புறம் முழுக்க நீர்த்துளிகள். பருத்து, தெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல், நிறைய.

சுமியே நாக்கை நீட்டினாள்.